நித்திரை வராத ஆக்கள்

அறையின் பெயர் அதுதான். வைத்தது நான்.
முதல் குளிர்காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
வட்ட வட்டமாய் முகங்கள்,
கடையில் அடுக்கிய தோடம்பழம் மாதிரி.

ஏஜாக்ஸ் கிடங்கில்
பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டியபடி
ஒரு காதில் அறையை மாட்டியிருப்பேன்.
மற்றக் காது மேற்பார்வையாளருக்கு.

பெரிய விசயம் ஒன்றும் கதைக்கவில்லை.
வீட்டுக்கடன் வட்டி.
கார் பற்றரி குளிருக்குச் செத்தது.
கத்தரிக்காய்க் குழம்புக்கு எப்போது பால் விடுவது என்று
ஒரு இரவு முழுக்கச் சண்டை;
இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள்,
ஒருவர் கோபம் ஆறாமலே திரும்பி வந்தார்.
அமலதாஸ் அண்ணை
ஒலிவாங்கியை மூட மறந்து குறட்டை விடுவார்.
மூடும் அதிகாரம் என் கையில்.
மூடவில்லை.
அந்தக் குறட்டைக்கு மேலால்
மெல்லிய குரலில் கதைத்தோம்,
அடுத்த கட்டிலில் அவர் படுத்திருப்பதுபோல.

பிறகு வேலைத்தலங்கள் திறந்தன.
வாய்கள் வேறிடத்தில் வேலைக்குப் போயின.
பதினொரு பேர் மிஞ்சினோம்.
பதினொரு பேரை வைத்து எந்தக் கம்பனியும் பிழைக்காது,
எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
அறை இல்லை.
கதவிருந்த இடத்தில் ஒரு நீலப் பொத்தான்:
அழுத்திப் பிடி, பேசு, விடு.
வசதிப்படும்போது அவர்கள் கேட்பார்கள்.

அழுத்தினேன்.
"கேக்குதா?" என்றுவிட்டு
பழக்கதோசத்தில் காத்திருந்தேன்.
பதில் வரவே வழியில்லாத இடத்தில்
நான் காத்திருந்த ஆறு செக்கன்
அந்தச் செய்திக்குள் இருக்கிறது.
துஷியந்தன் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டானாம்.
அவனுக்கு நான் நாலு செக்கன்தான் காத்திருந்தேன்.

கிழமைக்குள் எல்லோருக்கும் குரல் திருந்திவிட்டது.
அழித்து அழித்துப் பதிந்த குரல்.
இருமல் இல்லை, பின்னால் கோப்பை கழுவும் சத்தம் இல்லை,
யாரும் யாருக்கும் குறுக்கே விழவில்லை.
ஒருவர் முடித்தபின்தான்
மற்றவர் தொடங்கவேண்டும் என்றால்
அது சண்டையா?
வழக்கு.

அமலதாஸ் அண்ணை ஒன்றே ஒன்று அனுப்பினார்:
"பிள்ளை, இதுக்கு நான் போன் எடுத்தே கதைப்பன்."
எடுக்கவில்லை.

இவர் சிரித்தார்.
"இடியப்பம் போகாத கடை
கொத்துரொட்டிக்கு மாறியிருக்கு.
பக்கத்துக் கடையில ஏற்கெனவே
கொத்துரொட்டிச் சத்தம் காதைப் பிளக்குது."
கணக்கில் கெட்டிக்காரர். மறுக்க ஏலவில்லை.
செயலியை அழிக்கத்தான் எடுத்தேன்.

ஒரு சிவப்புப் புள்ளி.
சாந்தரூபி, எட்மன்டன்.
மூன்று வருடம் என் அறையில் இருந்தவள்,
முகமில்லாத வட்டமாக, கடைசி வரிசையில்.
ஒருநாளும் கை உயர்த்தவில்லை.
நானாக மேடைக்கு அழைத்தபோதெல்லாம்
சட்டென்று மறைந்து
பத்து நிமிடத்தில் மறுபடி கடைசி வரிசையில் இருப்பாள்.
பெருமைக்காரி என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நிமிடம் பதினேழு செக்கன்.
"அ" என்று தொடங்கியது.
அ. அ. அக்.
மூச்சு. தூரத்தில் ஹீற்றர் இரைச்சல்.
அக்கா என்ற சொல்
கரைக்கு வந்துசேரப் பதினைந்து செக்கன்.

வேகப் பொத்தானில் என் பெருவிரல் இருந்தது.
எடுத்தேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்:
கத்தரிக்காயை முதலில் பொரிக்கவேணும்,
பால் கடைசியில்,
அடுப்பை நிப்பாட்டினபிறகு.
அண்டைக்கே தெரியும்.
சொல்லி முடிக்கிறதுக்குள்ள
நீங்கள் எல்லாரும் வேற கதைக்குப் போயிடுவியள்.

காலை ஆறு மணி. கார் கண்ணாடியில் பனி.
சுரண்டாமல் உள்ளே ஏறி இருந்தேன்.
இந்தக் கம்பனி பிழைக்காது;
வசந்தத்துக்குள் இந்தப் பொத்தானையும் மூடுவார்கள்.
நீலத்தை அழுத்திப் பிடித்தேன்.

"பிழை, சாந்தரூபி.
பால் கொதிக்கவேணும்."

விட்டேன்.
அங்கே இன்னும் நாலு மணி.
நித்திரை வராவிட்டால் கேட்பாள்.